படம் பெரிசு, போன் சிறிசு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி மும்பையின் மான்குர்த்திலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும். கேட்டிருப்பதும் ஏறக்குறைய ஒரே விஷயம்: வெப்சைட்டில் போடும் படங்கள். ஆகவே சினிமா, அரசியல் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க முறுக்கு, சீடைக்கு ஒரு வெப்சைட் போட்டோம். இருபது படம் வச்சிருக்கோம். பார்க்க வர்றவங்க படம் தெரியறதுக்குள்ள மூடிட்டுப் போயிடறாங்க. கோளாறு எதுல?
— மகாராஷ்டிரா நகர், மான்குர்த்

பதில்: முறுக்கில் கோளாறு இல்லை, முறுக்கின் படத்தில்தான். உங்கள் போன் கேமரா 12 மெகாபிக்சல் என்றால் ஒரு படம் 4000-க்கு 3000 பிக்சல். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். ஃபைல் சுமார் 4 எம்பி இருக்கும். இருபது படம் என்றால் 80 எம்பி. நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே கிடைக்கிற சுமாரான சிக்னலில் அத்தனையும் இறங்க 5 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் உங்கள் வீட்டுக்கே நடந்துவந்து அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போய்விடலாம்.

அவர் கையில் இருக்கும் போனின் திரை அகலம் 720 பிக்சல், அல்லது 1080. அதற்கு மேல் நீங்கள் அனுப்புவது எதுவும் அவர் கண்ணுக்கு வந்து சேராது. ஒவ்வொரு படத்தையும் 1200-க்கு 900 என்று சுருக்குங்கள். பிக்சல் எண்ணிக்கை பதினொன்றில் ஒரு பங்காகிவிடும். பிறகு வெப்பி என்ற வகையில் சேமித்தால் ஒரு படம் 100 முதல் 150 கேபிக்குள் அடங்கும். இருபதும் சேர்ந்து 2, 3 எம்பி. அதே மந்தமான சிக்னலில் பத்துப் பன்னிரண்டு நொடிதான். முதல் முறுக்கு ஒரு நொடிக்குள் தெரிந்துவிடும்.

கேள்வி: டேட்டா சல்லிசாகிவிட்ட காலத்தில் இன்னும் ஏன் எம்பி, கேபி என்று கணக்குப் பார்க்கிறீர்கள்?
— கோவண்டி

பதில்: 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டாவின் விலை இறங்கியது உண்மை. போனின் ரேம் அதனோடு சேர்ந்து ஏறிவிடவில்லை. பலரும் பார்க்காமல் விடுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. படம் சுருங்கிய நிலையில் வருகிறது; திரையில் காட்டவேண்டுமானால் போன் அதை விரிக்கவேண்டும். விரித்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட். 4000-க்கு 3000 படம் எத்தனை சின்ன ஃபைலாக வந்தாலும், முழு அளவில் விரித்தால் 48 எம்பி. இருபது படத்தை அப்படி விரிப்பதற்கு 960 எம்பி வேண்டும். 2 ஜிபி ரேம் உள்ள போன் அங்கேயே மூச்சு வாங்கும். 1200-க்கு 900 என்றால் விரித்த அளவு படத்துக்கு 4.3 எம்பிதான்.

அதனால்தான் முதலில் அகலத்தைக் குறையுங்கள், பிறகு அழுத்துங்கள் என்கிறேன். அழுத்துவதை மட்டும் செய்துவிட்டு, 'ஃபைல் 300 கேபிதானே, ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?' என்று கேட்பவர்கள் நிறைய.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாளுக்கு ஒன்றரை ஜிபி என்று ரீசார்ஜ் செய்து, அதிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு வீட்டிலுள்ள பிள்ளைகளும் படிக்கிற குடும்பங்கள் நம் பகுதியில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். படத்தின் எடையை எடுத்தவர் சுமப்பதில்லை, பார்ப்பவர்தான் சுமக்கிறார். அவர் நம் வாடிக்கையாளர். அவருடைய டேட்டாவையும் நேரத்தையும் நம் காசுபோலப் பார்த்துச் செலவழிக்கவேண்டும்.

கேள்வி: ஜேபெக், பிஎன்ஜி, வெப்பி, ஏவிஃப். எதை எதற்கு?
— மண்டாலா

பதில்: போட்டோவுக்கு வெப்பி. 2010-ல் கூகுள் கொண்டுவந்தது. 2020-ல் ஆப்பிளின் சஃபாரியும் ஏற்றுக்கொண்ட பிறகு தயங்கவேண்டியதில்லை. ஏவிஃப் அதைவிடச் சின்னதாகச் சுருக்கும், ஆனால் சுருக்க நேரம் எடுக்கும்; மிகப் பழைய போன்கள் திறக்காது. எங்கும் திறக்கவேண்டும் என்றால் ஜேபெக். ஸ்கிரீன்ஷாட், ரசீது மாதிரி எழுத்தும் கோடும் நிறைந்தவற்றுக்குப் பிஎன்ஜி. கடை லோகோவுக்கு எஸ்விஜி. அது பிக்சலைச் சுமப்பதே இல்லை. எத்தனை புள்ளிக் கோலம், கோடு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று அக்கா தங்கைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல வரையும் முறையை மட்டும் எழுதிவைக்கிறது. அதனால் சின்ன பட்டனிலும் பெரிய பேனரிலும் ஒரே கூர்மை. எடை சில கேபிதான்.

கேள்வி: முறுக்கு பிழியறதை ஜிஃப்பா போட்டேன். 12 எம்பி!
— மகாராஷ்டிரா நகர் (அதே முறுக்குக்காரரின் இன்னொரு கேள்வி)

பதில்: ஜிஃப் 1987-ல் பிறந்தது. 256 நிறம்தான் அதற்குத் தெரியும், அசையும் போட்டோவைச் சுருக்கவும் தெரியாது. அதையே சத்தமில்லாத எம்பி4 வீடியோவாக மாற்றிப் போடுங்கள். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்.

கேள்வி: ஜேபெக்கில் அழுத்தினால் 4 எம்பி படம் 200 கேபி ஆகிறது. மீதியெல்லாம் எங்கே போகிறது?
— கல்லூரி மாணவி, அணுசக்தி நகர்

பதில்: நம் கண் கவனிக்காத இடங்களிலிருந்து எடுக்கிறார்கள். வெளிச்சம் கூடிக் குறைவதைக் கண் துல்லியமாகப் பிடிக்கும். நிறம் மாறுவதை அவ்வளவு நுட்பமாகப் பிடிக்காது. ஆகவே ஜேபெக் முதலில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. நிறத் தகவலைப் பெரும்பாலும் நாலில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது. அடுத்து, படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டுத்தொகையாக மாற்றி எழுதுகிறது. நிதானமாக மாறும் அலைகளில் சுவரும் வானமும் கன்னமும் இருக்கும். வேகமாக மாறும் அலைகளில் தலைமுடியும் துணியின் இழையும். வேகமான அலைகளில் வலுவில்லாதவற்றைப் பூஜ்யமாக்கிவிட்டால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. எழுதவேண்டிய எண்கள் மட்டும் மளமளவென்று குறைந்துவிடும்.

இந்த அலைக்கணக்கின் பெயர் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம். அதை யோசித்தவர் 1940-ல் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972-ல், இந்த ஆராய்ச்சிக்காக அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. தன் ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து செய்துமுடித்து 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் படித்தவர். 1992-ல் ஜேபெக் ஒரு தரமாக வந்தபோது அதன் நடுவே உட்கார்ந்திருந்தது இந்தக் கணக்குதான். வீடியோவைச் சுருக்கும் முறைகளும் இதன் வழி வந்தவையே. இந்த மூன்று பெயரும் நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கவேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் பின்னாளில் பாடம் எழுதும் இடத்துக்கு வந்தால் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: தரம் 100 என்று வைத்துத்தான் சேமிக்கிறேன். சரிதானே?
— ட்ராம்பே

பதில்: 75-லிருந்து 80 போதும். 90-லிருந்து 100-க்கு ஏற்றினால் ஃபைல் இரண்டு மடங்குகூட ஆகலாம். கண்ணுக்கு ஒன்றும் கூடாது.

கேள்வி: தானே கழிமுகத்தில் ஃப்ளமிங்கோ கூட்டத்தை எடுத்தேன். அழுத்திப் போட்டதும் அந்தி வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. 75 என்றுதான் வைத்தேன். பறவைகள் நன்றாகத்தான் இருக்கின்றன.
— ரயில் பயணி, மான்குர்த்

பதில்: மேலே மாணவிக்குச் சொன்ன 8-க்கு 8 கட்டம்தான் காரணம். சேறு, அலை, சிறகு இவற்றில் கட்டத்தின் விளிம்பு ஒளிந்துகொள்ளும். மெல்ல நிறம் மாறும் வானத்தில் ஒளிய இடமில்லை. வானம் பாதிக்குமேல் வரும் படங்களுக்கு மட்டும் தரத்தை 85, 88 என்று ஏற்றுங்கள்; எடையை ஈடுகட்ட அகலத்தைக் கொஞ்சம் குறையுங்கள். அல்லது ஏவிஃபில் 10 பிட் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். நிறங்களுக்கு இடையே அதிகப் படிகள் இருப்பதால் பட்டை மறையும். எல்லாப் படத்துக்கும் ஒரே எண் என்பது சோம்பேறித்தனம். வானத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு எண்ணை முடிவுசெய்யுங்கள்.

படத்தை நன்றாகவே போடுங்கள். 2015-ல் சரணாலயமாகவும் 2022-ல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. மான்குர்த் என்றாலே குப்பைமேடு என்று நினைக்கிறவர்களுக்கு அந்தப் படம் போய்ச் சேரவேண்டும்.

கேள்வி: நாங்க தோல் பை தைக்கிறோம் சார். வெப்சைட்டுக்குப் படம் எடுக்க நல்ல கேமரா ஒண்ணு வாங்கலாமா?
— 90 அடி சாலை, தாராவி

பதில்: கேமரா வேண்டாம், வாசல் போதும். பட்டறைக்குள் டியூப் லைட்டில் எடுத்தால் வெளிச்சம் பற்றாமல் போன் தானாக ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும். படம் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி விழும். நமக்கு அது அழுக்கு. ஜேபெக்குக்கு அழுக்கும் ஒன்றுதான், தையலும் ஒன்றுதான். இரண்டுமே வேகமான அலை. அந்த அழுக்கையும் காப்பாற்றி எழுதப் பார்க்கும். அதனால் இருட்டில் எடுத்த படம் பார்க்கவும் மோசம், எடையும் கூடுதல். வெயில் நேராக விழாத வாசலில், மேஜை மேல் ஒரே நிறத் துணியை விரித்துப் பையை வைத்து எடுங்கள். பின்னால் சரக்கு மூட்டையும் சைக்கிளும் இல்லாவிட்டால் அதுவே ஃபைலில் கணிசமாகக் குறைக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். தோலின் மேல்தளமும் தையலின் நெருக்கமும்தான் உங்கள் வேலைக்குச் சாட்சி. ஒவ்வொரு பைக்கும் ஒரே ஒரு நெருக்கமான படத்தை 1600 பிக்சல் அகலத்தில், 85 தரத்தில் வையுங்கள். தொட்டால் மட்டும் திறக்கும்படி வையுங்கள். வாங்க நினைப்பவர் காத்திருப்பார், சும்மா பார்ப்பவருக்கு எடை ஏறாது.

கேள்வி: கூகுளில் தேடினால் இதைவிட அழகான பைகள் கிடைக்கின்றனவே, எடுத்துப் போட்டால் என்ன?
— பெயர் வேண்டாம், தாராவி

பதில்: அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார், 1957-லிருந்து பதிப்புரிமைச் சட்டமும் இருக்கிறது. அதைவிட முக்கியம், வாங்குகிறவர் கைக்கு வரப்போவது நீங்கள் தைத்த பை.

கேள்வி: எங்க ஊர் அம்மன் கொடை அழைப்பிதழைப் படமா வெப்சைட்ல போட்டோம். போன்ல பார்த்தவங்க, 'எழுத்து கலங்கிக் கிடக்கு, தேதியே தெரியலை'ன்னு போன் போட்டுக் கேக்கறாங்க.
— விழாக் கமிட்டி, மான்குர்த்

பதில்: மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. பார்க்காமலே சொல்வேன். ஜேபெக் நிறத்தை நாலில் ஒரு பங்காகக் குறைக்கும் என்று மேலே சொன்னேனே, அதன் முதல் பலி மஞ்சள்மேல் சிவப்புதான். எழுத்தின் விளிம்பு இரண்டு பக்கமும் கசிந்துவிடும்.

தமிழுக்கு இது கூடுதல் ஆபத்து. மெய்யெழுத்தின் புள்ளி, சின்ன அளவில் ஒன்றிரண்டு பிக்சல்தான். அழுத்தும்போது அது முதலில் காணாமல் போகும். 'கல்வி உதவித்தொகை' என்ற அறிவிப்பில் ஒரு புள்ளி மங்கினால் ஊர் என்ன வாசிக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. சுழியும் கொம்பும் அடுத்தடுத்த பலி.

ஆகவே அழைப்பிதழில் உள்ள விவரத்தை எழுத்தாகவே அடியுங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. இன்று எந்த மலிவான போனும் தமிழ் எழுத்தைக் கூர்மையாகக் காட்டும். எடையையும் பாருங்கள். யூனிகோட் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். காப்புக் கட்டு, பால்குடம், அன்னதானம், நிர்வாகிகள் பெயர் எல்லாம் சேர்த்து ஆயிரம் குறி அடித்தாலும் 3 கேபி. படமாகப் போட்டது 900 கேபி இருந்திருக்கும். எழுத்தாக இருந்தால் தேடினால் கிடைக்கும், கண் மங்கிய பெரியவர்கள் பெரிதாக்கிப் படிக்கலாம், கமிட்டியின் போன் நம்பரைத் தொட்டால் அழைப்பு போகும். அம்மன் படத்தை மட்டும் படமாக வையுங்கள். அச்சடித்த அழைப்பிதழையும் காட்டியே தீரவேண்டும் என்றால், இழப்பில்லாத வெப்பியாகவோ பிஎன்ஜியாகவோ கீழே போடுங்கள்.

கேள்வி: ஐயா, எனக்குப் பார்வை இல்லை. போன் படித்துச் சொல்லக் கேட்டுத்தான் எல்லாம் செய்கிறேன். நம்மவர்களின் கடைப் பக்கங்களைத் திறந்தால் என் போன் 'இமேஜ், இமேஜ், இமேஜ்' என்றே சொல்லிக்கொண்டு போகிறது. இதை உங்கள் பகுதியில் எழுதமுடியுமா?
— செம்பூர்

பதில்: கட்டாயம் எழுதவேண்டியது. ஒவ்வொரு படத்தோடும் ஒரு வரி விளக்கம் சேர்க்க இடம் இருக்கிறது, 'ஆல்ட்' என்பார்கள். அதைக் காலியாக விட்ட கடைக்காரர் உங்கள் முகத்துக்கு எதிரே ஷட்டரை இழுக்கிறார். தெரியாமல் செய்கிறார், அதனால் சொல்லிக்கொடுப்போம்.

கடைக்காரர்களே, 'பை' என்று ஒரு சொல்லில் முடிக்காதீர்கள். 'கருப்புத் தோல் கைப்பை, இரண்டு ஜிப், பித்தளைக் கொக்கி, தோளில் மாட்டும் வார்' என்று எழுதுங்கள். கடைக்கு நேரில் வந்த ஒருவரிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படி. தமிழில் எழுதலாம், கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் தமிழையும் வாசிக்கும். 2006-ல் ஆஸ்திரேலியாவில் அதைத் தொடங்கிய இரண்டு இளைஞர்களுமே பார்வையற்றவர்கள். ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்த பூ, கொடி மாதிரிப் படங்களுக்கு மட்டும் ஆல்ட்டை வேண்டுமென்றே காலியாக எழுதுங்கள். ரீடர் அவற்றைத் தாண்டிப் போய்விடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது, அதுவும் இந்த வழியைத்தான் கேட்கிறது. சட்டம் வராவிட்டாலும் இது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை. படம் இறங்காத நேரத்தில் கண் தெரிந்தவர்களுக்கும் அந்த ஒரு வரிதான் காட்சி தரும்.

கேள்வி: படங்களை வாட்சாப்பில் தம்பிக்கு அனுப்பி, அவன் வெப்சைட்டில் ஏற்றுகிறான். மங்கலாகத் தெரிகிறதே?
— சிவாஜி நகர், கோவண்டி

பதில்: வாட்சாப் ஒரு முறை அழுத்துகிறது, தம்பி இன்னொரு முறை. ஜேபெக்காகச் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழப்பு, போனது திரும்பாது. எச்டி என்று அனுப்பினாலும் அழுத்தல் உண்டு. படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். அசல் அப்படியே போகும். சுருக்குவது ஒரே ஒரு தடவை, கடைசியில், அசலிலிருந்து.

கேள்வி: ஐபோனில் எடுத்த படம் கஸ்டமருக்குத் திறக்கவில்லை.
— மாட்டுங்கா

பதில்: 2017-லிருந்து ஐபோன் எச்இஐசி என்ற வகையில் சேமிக்கிறது. குரோமில் அது திறக்காது. செட்டிங்ஸில் கேமராவுக்குள் ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தெடுங்கள்; இனி ஜேபெக்.

கேள்வி: வேர்ட்பிரஸில் வைத்திருக்கிறோம். அதுவே எல்லாம் சுருக்கிக்கொள்ளும் என்றார்கள்.
— செம்பூர்

பதில்: பாதி செய்யும். 2015 கடைசியிலிருந்து ஒரே படத்தைப் பல அகலங்களில் தயார்செய்து போனுக்கு ஏற்றதை அனுப்புகிறது. 2020-லிருந்து கீழே உள்ள படங்களை, வாசகர் நெருங்கும்போது மட்டும் இறக்குகிறது. ஆனால் நீங்கள் 4000 பிக்சலை ஏற்றினால் அது 2560-க்குத்தான் குறைக்கும், அதுவே போனுக்கு இரட்டிப்பு. நீங்கள் 1600-க்கு மேல் ஏற்றாதீர்கள். தனியாகச் சாஃப்ட்வேரும் வாங்கவேண்டாம். கூகுளின் ஸ்க்வூஷ் இலவசம், பிரவுசருக்குள்ளேயே சுருக்கும், படம் எங்கேயும் வெளியே போகாது.

கேள்வி: விலையைத் தொடப் போனா பக்கம் குதிச்சு 'கேன்சல்' விழுது. ஏன்?
— மான்குர்த்

பதில்: படத்துக்கு எவ்வளவு இடம் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை, படம் வந்ததும் மற்றதைத் தள்ளுகிறது. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். குதிப்பு நிற்கும்.

கேள்வி: வீட்டில் இருந்தே பிளவுஸ் தைத்து, ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். படத்தை வைத்து என் வீடு எது என்று கண்டுபிடிக்கமுடியுமா? பயமாக இருக்கிறது.
— லல்லுபாய் காம்பவுண்ட், மான்குர்த்

பதில்: முடியும் அம்மா, உங்கள் பயம் நியாயமானது. கேமராவில் லொக்கேஷன் ஆனில் இருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். சில மீட்டர் துல்லியம். வெப்சைட்டில் அப்படியே போட்டால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முதலில் கேமரா செட்டிங்ஸில் லொக்கேஷனை அணையுங்கள். பழைய படங்களைச் சுருக்கும்போது 'மெட்டாடேட்டா நீக்கு' என்பதைத் தேர்ந்தெடுங்கள்; இடக்குறிப்பும் போகும், எடையிலும் சில கேபி குறையும்.

கோவண்டிக்காரருக்கு 'டாக்குமெண்டாக அனுப்புங்கள்' என்று சொன்னேன் அல்லவா? அந்த வழியில் இடக்குறிப்பும் சேர்ந்தே போகும். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வாட்சாப் அதை நீக்கிவிடும். ஆகவே டாக்குமெண்ட் என்பது வீட்டு மனிதர்களுக்கு மட்டும். மறக்காமல் பின்னணியையும் பாருங்கள். கதவு எண், சுவரில் மாட்டிய மின்கட்டண ரசீது, பிள்ளையின் பள்ளிச் சீருடை இவை எல்லாம் முகவரியே. ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிட்டால் இதற்கும் தீர்வு, ஆரி வேலையின் நிறமும் எடுப்பாகத் தெரியும்.

கேள்வி: தாத்தா ஜனதா காலனியில் இருந்தவர். 1976-ல் எல்லோரையும் சீத்தா கேம்ப்புக்கு மாற்றினார்களே, அப்போது வந்தவர். டிரங்குப் பெட்டியில் பழைய படங்களும் போட்டோபாஸும் இருக்கின்றன. தெருக்காரர்கள் சேர்ந்து வெப்சைட் தொடங்கலாம் என்கிறோம். எப்படிச் செய்வது?
— சீத்தா கேம்ப்

பதில்: உடனே செய்யுங்கள். படத்துக்கும் வயதாகிறது, படத்தில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர்களுக்கும் வயதாகிறது.

இவ்வளவு நேரம் சுருக்கு, சுருக்கு என்றேன். இங்கே முதல் வேலை அதற்கு நேர்மாறு. ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுத்து, இழப்பில்லாத டிஃப் ஆகச் சேமியுங்கள். மூன்று அங்குலத்துக்கு இரண்டு அங்குலப் படமே 1800-க்கு 1200 பிக்சல் வரும். இதுதான் மூலப்பிரதி, யாரும் கைவைக்கக்கூடாது. இரண்டு வேறு வீடுகளில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். வெப்சைட்டுக்கு அதிலிருந்து 1200 பிக்சல் வெப்பி தனியாக எடுங்கள். கறையையும் மடிப்பையும் அழித்து, ஏஐயை விட்டு முகத்தைக் கூர்மையாக்கும் ஆசை வரும். வேண்டாம். அது இல்லாத கண்ணையும் பல்லையும் தானாக வரைந்துவிடும். வருவது உங்கள் தாத்தா முகமாக இருக்காது.

போட்டோபாஸ் விஷயத்தில் கவனம். 1976 குடிசைக் கணக்கெடுப்பை ஒட்டி அரசு கொடுத்த அந்த அட்டை, மும்பையில் எத்தனையோ குடும்பங்களுக்கு 'நாங்கள் இங்கே இருந்தோம்' என்பதற்கான ஒரே அத்தாட்சி. எண்ணும் குடிசை விவரமும் தெரியும்படி அதைப் பொதுவில் போடாதீர்கள். மறைக்கும்போது மங்கலாக்கினால் போதாது, மீட்டுவிட வழி உண்டு. கருப்புக் கட்டம் போட்டு, படமாகவே மறுபடி சேமியுங்கள்.

ஜனதா காலனி என்றால் ஜாக்கின் அற்புதம் நினைவுக்கு வராமல் இருக்காது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், அந்தக் காலனிவாசி. தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கி, 2000-ல் மகசேசே விருது பெற்று, 2018-ல் மறைந்தார். அரசு வந்து எண்ணட்டும் என்று காத்திராமல் நம்மை நாமே எண்ணி எழுதிவைக்கவேண்டும் என்பது அவரும் அவரோடு நின்ற ஸ்பார்க் அமைப்பும் கொண்டிருந்த பிடிவாதம். மும்பை நடைபாதைவாசிகளை ஸ்பார்க் 1985-ல் அப்படித்தான் எண்ணியது. உங்கள் வெப்சைட்டும் அந்த வேலையின் தொடர்ச்சிதான். அதனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே யார், எந்த ஆண்டு, எந்தச் சந்து, யார் சொன்ன தகவல் என்று எழுத்தில் அடியுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் சம்மதம் கேளுங்கள். ஃபைலுக்கு 'ஐஎம்ஜி 2034' என்று பெயர் விடாமல் ஆண்டையும் இடத்தையும் வையுங்கள். இருபது வருடம் கழித்துத் தேடுகிற பேத்திக்கு அது கைகொடுக்கும்.

கேள்வி: நீங்கள் சொன்னதெல்லாம் செய்துவிட்டேன். தேறியதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— மகாராஷ்டிரா நகர், மான்குர்த்

பதில்: வீட்டிலேயே விலை குறைந்த, பழைய போனைக் கேட்டு வாங்குங்கள். வைஃபையை அணையுங்கள். பிரைவேட் விண்டோவில் திறங்கள். இல்லாவிட்டால் போன் முன்பு சேமித்துவைத்த படத்தையே காட்டி ஏமாற்றும். மான்குர்த்தில் வாஷி லோக்கல் ஏறி, வண்டி கழிமுகப் பாலத்தில் போகும்போது உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். முதல் திரையில் இருக்கும் பெரிய படம் இரண்டரை நொடிக்குள் வந்துவிட்டால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. தாண்டினால் அந்த முதல் படத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்: அகலம் 1200-க்கு மேல் இருக்கிறதா, 'பிறகு இறக்கு' என்ற லேசி லோடிங் தவறிப்போய் அதற்கும் போட்டிருக்கிறதா? லேசி லோடிங் கீழே உள்ள படங்களுக்குத்தான். முதல் படத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாஷியில் இறங்கி, திரும்பி வரும் வண்டியில் இன்னொரு தடவை பாருங்கள்.